மாப்பிள்ளை வீட்டுச் சுவர்

மாப்பிள்ளை வீட்டில் மாமியார் வாயைத் திறக்கலாமா? திறக்கவே கூடாது என்றுதான் என் தாயார் எனக்குச் சொல்லி வைத்திருந்தாள். ஆனால், பேரப் பிள்ளை ராத்திரி முழுவதும் இருமிக்கொண்டே இருந்தால் நீங்களானால் என்ன செய்வீர்கள்?

பெண்ணின் இரண்டாவது பிரசவத்துக்காக அமெரிக்காவுக்குப் போயிருந்தேன். பாஸ்டன் நகருக்குப் பக்கத்தில் வீடு. நல்ல மார்கழி மாதம். வாசலில் ஒரு வாளித் தண்ணீரை வைத்தால் காலையில் பாறாங்கல்லாகிவிடும். வீடோ 1912-ல் கட்டியது. நம் ஊர்ச் செங்கல் சுவர் மாதிரி கெட்டியான சுவர் அல்ல. மரச் சட்டங்களை நிறுத்தி, வெளிப்பக்கம் பலகை அடித்து, உள்பக்கம் சுண்ணாம்பு பூசி, மாடி அறையில் மட்டும் அதன்மேல் அழகுக்காக மறுபடியும் மரப்பலகை. நடுவே நாலு அங்குலம் வெறும் வெளி! பார்வைக்கு ஜமீன்தார் மாளிகைதான். கையை வைத்தால் ஐஸ் பெட்டி.

நாலு வயதுப் பேரனின் கட்டிலை அந்தப் பலகைச் சுவரை ஒட்டித்தான் போட்டிருந்தார்கள்.

"இந்தச் சனி ஞாயிறில் பலகையைக் கழற்றி, உள்ளே கண்ணாடிப் பஞ்சை அடைத்துவிடுகிறேன், அத்தை. அறை கதகதவென்று ஆகிவிடும்" என்றார் மாப்பிள்ளை. மூட்டை மூட்டையாகப் பஞ்சும் வந்து இறங்கிவிட்டது. நான் பேசாமல் இருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை, ஸ்வாமிக்கு ஊதுவத்தி ஏற்றி வீடெங்கும் காட்டிக்கொண்டு மாடிக்குப் போனேன். பலகைச் சுவரருகே வந்ததும் புகை மேலே போகவில்லை. நூல் பிடித்த மாதிரி பலகை இடுக்குக்குள்ளே போயிற்று! இடுக்கு வழியாகக் குளிர்காற்று உள்ளே வருகிறது என்றல்லவா நினைத்திருந்தேன்? இது என்ன, வீட்டுக் காற்று வெளியே போகிறதே என்று ஆச்சரியப்பட்டேன். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் முதல் பலகையைப் பெயர்த்தார். பின்னால் சுவரெல்லாம் கரும்பூஞ்சணம். தொட்டால் ஈரம். ஓரிடத்தில் பூச்சு உதிர்ந்து துவாரமாகியிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், வெள்ளைப் பீங்கான் குமிழ்களில் சுற்றிய பழைய மின்சாரக் கம்பிகள்!

அதற்கு மேல் என் வாய் சும்மா இருக்கவில்லை. "மாப்பிள்ளை, கோபித்துக்கொள்ளாதீர்கள். இதைத் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிவிட்டு அப்புறம் பஞ்சை அடைக்கலாமே" என்றேன். அவர் முகம் கொஞ்சம் சுண்டிவிட்டது. என் பெண் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம்.

எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். அந்தக் காலத்துக் கம்பிகள் காற்றாட இருந்தால்தான் சூடு ஆறுமாம். பஞ்சால் போர்த்திவிட்டால் சூடு உள்ளேயே தங்கி, தீப்பிடிக்கவும் கூடுமாம். கேட்டதும் மாப்பிள்ளை பஞ்சு மூட்டைகளைக் கடைக்கே திருப்பிக்கொண்டு போனார். முதலில் கம்பிகளை மாற்றினார்கள். ஜன்னல் சட்டங்களின் பழைய பெயின்ட்டையும் பரிசோதித்தார்கள். அந்த நாட்டில் வீடுகளுக்கு ஈயம் கலந்த பெயின்ட் பூசுவதை 1978-ல்தான் தடுத்தார்கள். பச்சைக் குழந்தை வரப்போகிற வீட்டில் அந்தத் தூள் பறக்கலாமா? அறை வாசலைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடிவிட்டு, பேரனைக் கீழே என் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டேன்.

பிறகு, சுவர் அடைக்கும் தொழிலிலேயே தலை நரைத்த ஒருவர் வந்தார். ஈரத்தைப் பார்த்தார். கூரையில் ஒழுக்கல் உண்டா என்று பார்த்தார், இல்லை. கீழே இறங்கிச் சமையலறைக்குள் நுழைந்தவர், "இங்கே சமைப்பது யார்?" என்று கேட்டார்.

எனக்குத் திக்கென்றது. இட்லிக் கொப்பரை, குக்கர், ரசம், சுடுதண்ணீர்... விடிந்தது முதல் இரவு வரை ஏதாவது கொதித்துக்கொண்டேதான் இருக்கும். அடுப்புக்கு மேலே விசிறி உண்டு. ஆனால் அது ஆவியை வெளியே தள்ளுகிற விசிறியல்ல. ஒரு சல்லடையில் வடிகட்டி, அந்தக் காற்றையே திரும்பச் சமையலறைக்குள் விடுகிற ரகம்!

சூடான காற்று மேலே ஏறுமல்லவா? என் இட்லி ஆவி மாடிக்கு ஏறி, ஊதுவத்திப் புகை போன வழியிலேயே பலகை இடுக்கில் நுழைந்து, குளிர்ந்த சுவரில் பட்டு நீராகியிருக்கிறது. ஐஸ் போட்ட மோர் டம்ளரின் வெளிப்புறம் முத்து முத்தாக வேர்ப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். இத்தனை நாள் வீட்டைத் திட்டிக்கொண்டிருந்தவள் நான்!

(சென்னையில் ஏ.ஸி. அறைக்குப் பலகை அடித்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நமக்கு இது தலைகீழ். வெளியே இருக்கிற புழுக்கக் காற்று உள்ளே நுழைந்து, குளிர்ந்த பலகையின் முதுகில் வேர்க்கும். எப்போதாவது பின்னால் எட்டிப் பாருங்கள்.)

பூஞ்சணம் பிடித்த பூச்சை எடுத்துவிட்டு, சுவரை நன்றாகக் காய விட்டார்கள். இடுக்குகளையும் ஸ்விட்ச் பெட்டி ஓரங்களையும் பசை வைத்து அடைத்தார்கள். சூடு முதலில் ஓடுவது கூரை வழியாக என்பதால் மச்சுக்கு மேலேயும் அடைப்பு. கடைசியில்தான் சுவர். அடைத்தது என்ன தெரியுமா? நாம் எடைக்குப் போடுகிறோமே, அந்தப் பழைய செய்தித்தாள்தான்! அதைப் பொடியாக அரைத்து, எளிதில் தீப்பிடிக்காமலிருக்கப் போரிக் உப்புச் சேர்த்து, குழாய் வழியாக ஊதுகிறார்கள். பூச்சில் போட்ட துவாரங்களைப் பழைய பலகையே மறைத்துவிட்டது. தளர்வாக அடைத்தால் இலவம் பஞ்சுத் தலையணை மாதிரி நாளடைவில் அமுங்கி, மேலே காலியாகிவிடுமாம். அதனால் இறுக்கி அடைத்தார்.

பேரனின் இருமல் எதனால் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. பூஞ்சணம் பிடித்த அறையில் மட்டும் குழந்தையைப் படுக்க வைக்காதீர்கள் என்றார். தை பிறந்த பிறகு இருமல் நின்றது. பேத்தி பிறந்தது அதற்கு மறுவாரம்.

சமையலறையில் இப்போது ஆவியைக் குழாய் வைத்து வெளியே தள்ளும் புது விசிறி. நான் ஊருக்குக் கிளம்புகிறவரை, காலையில் இட்லித் தட்டை எடுத்தேனோ இல்லையோ, மாப்பிள்ளை எங்கிருந்தாலும் வந்து அதைப் போட்டுவிட்டுப் போவார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.