மலை ஏறும் பாட்டு

வால்பாறைக்குக் காரில் போகிறவர்கள் பெட்ரோலைப் பொள்ளாச்சியிலேயே நிரப்பிக்கொள்வார்கள். பாட்டையும் அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள் என்பேன். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் அந்தச் சாலையில், போனில் நம்முடையதாக இருக்கும் பாட்டு எது, வந்துபோகும் பாட்டு எது என்பது தெரிந்துவிடும்.

அம்மா சிறுமியாக இருந்த எஸ்டேட்டை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பழனியிலிருந்து விடிகாலையில் கிளம்பினோம். முன்சீட்டில் அம்மா, பின்னால் மனைவியும் மகளும். மடத்துக்குளம், உடுமலை என்று போகும்போது இடப்பக்கம் மலைத்தொடர் கூடவே வரும். அந்தப் பக்கத்தில் ரேடியோவுக்குக் குறைவில்லை. கொடைக்கானல் மலைமேல் கோபுரம் இருப்பதால் கோடை பண்பலை 100.5 பல மாவட்டங்களுக்குக் கேட்கிறது. எஃப்எம் அலை நேர்கோட்டில் போவது. உயரத்திலிருந்து அனுப்பினால் சமவெளி முழுக்க விரியும், குறுக்கே ஒரு மலை நின்றால் அதோடு சரி.

உடுமலை தாண்டிக் காற்றாலைகள் தெரிய ஆரம்பித்ததும் மகள் தன் போனைக் காரோடு இணைத்தாள். காரில் யார் போன் இணைகிறதோ அவர் பாட்டுதான் எல்லாருக்கும். எங்கள் வண்டித் திரையில் அழைப்புக்கு ஒரு போன், பாட்டுக்கு வேறொரு போன் என்று பிரித்துவைக்க முடியும். பல வண்டிகளில் இந்த வசதி இருக்கிறது. பலர் அதைத் தேடிப் பார்ப்பதே இல்லை. அழைப்பு என் போனுக்கு, பாட்டு மகள் போனுக்கு என்று வைத்துவிட்டால் வழியெல்லாம் நிம்மதி.

புளூடூத்தா, கேபிளா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. புளூடூத்தில் ஒலியைச் சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். ஆனாலும் டயர் சத்தமும் காற்றுச் சத்தமும் நிறைந்த காருக்குள் அந்த வித்தியாசம் காதுக்கு எட்டுவது அரிது. நான் கேபிள் போடுவது வேறு காரணத்துக்காக: சார்ஜும் ஏறும், ஆண்ட்ராய்டு ஆட்டோவும் தடங்கலில்லாமல் ஓடும். கேபிள் வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். சில மலிவான கேபிள்களில் மின்சாரம் போகும் கம்பிகள் மட்டுமே இருக்கும், தகவல் போகும் கம்பி இருக்காது. போன் சார்ஜ் ஆகும், திரையில் ஒன்றும் வராது. கார்மேல் சந்தேகப்படும் முன் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு ஆட்டோவில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. திரையில் தெரியும் படத்தைப் போன்தான் வரைந்து அனுப்புகிறது. கார் அதைக் காட்டுகிறது, அவ்வளவே. அதனால் பாட்டின் பெயர் தமிழில் இருந்தால் தமிழிலேயே வரும். பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போன காலத்தில் பல பழைய திரைகளில் தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தன. ‘பாசமலர்’ என்று அம்மாவே படித்துத் தொட்டு, அந்தப் பாட்டு வருவதைப் பார்ப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது.

பொள்ளாச்சியில் டிபன் முடித்து, ஆழியாறு சோதனைச் சாவடி தாண்டி ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் எண் பலகை. ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தினால் கீழே அணை முழுசாகத் தெரியும். பாறைகளில் வரையாடுகளும் அடிக்கடி நிற்கும். அங்கிருந்து கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் மகளுடைய பாட்டு நின்றது. இணையத்திலிருந்து வரும் பாட்டை ஆப் கொஞ்சம் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும். அதனால் சிக்னல் போன பிறகும் சற்று நேரம் பாடி, அப்புறம்தான் நிற்கும். ரேடியோவைத் திருப்பினாள், வெறும் இரைச்சல்.

என் போனில் பாட்டு இருக்கிறது. பழைய கேசட்டுகளிலிருந்தும் குறுந்தகடுகளிலிருந்தும் நானே எடுத்து, படம், ஆண்டு, இசையமைப்பாளர் என்று தலைப்பிட்டுச் சேர்த்த கோப்புகள். மாதச் சந்தா கட்டி ஆப்பில் இறக்கி வைப்பதும் மலையில் பாடும்தான். ஆனால் அது அந்த ஆப்புக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும். சந்தா முடிந்தால் போய்விடும், இன்னொருவருக்குக் கொடுக்கவும் முடியாது. ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பதிந்து தருவார்கள். 60 நிமிடக் கேசட்டில் ஒரு டஜன் பாட்டு அடங்கும் என்பதால் ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் எழுதுவோம். பிறகு செல்போன் கடைகள் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்தன. 4 ஜிபி கார்டில் 800 பாட்டு போல அடங்கும். இன்று கோடிக்கணக்கான பாட்டு விரல்நுனியில் இருக்கிறது. ஆனால் நம்முடையது என்று எதையும் எடுத்துவைக்கும் பழக்கம் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

என் போனை இணைத்து 1964இல் வந்த ‘படகோட்டி’யை வைத்தேன். மகள் கேட்டுவந்த ஒலி அமைப்பிலேயே விட்டிருந்தால் கதவுதான் அதிர்ந்திருக்கும். அந்தக் காலப் பதிவுகளில் அடி ஒலி குறைவு. பேஸைக் கூட்டினால் பதிவிலுள்ள உறுமல்தான் பெருகும். பேஸைக் குறைத்து நடு ஒலியைச் சற்றுக் கூட்டியதும் டி.எம்.எஸ். குரல் முன்னால் வந்து நின்றது. வழிகாட்டிக் குரலையும் அணைத்துவிட்டேன். ஒரே சாலை, திரும்ப வேறு வழியில்லை. அது பேசும்போதெல்லாம் பாட்டு தாழ்ந்து போவதுதான் மிச்சம்.

“இதெல்லாம் நாங்க சிலோன் ரேடியோவுல கேட்டது கண்ணு” என்றார் அம்மா, பின்னால் திரும்பி.

“இந்த மலைக்கு எப்படி அப்பாயி சிலோன் கேட்டுச்சு?”

“நல்லாக் கேட்டுச்சு. எங்கப்பா சம்பளத்துல ஒரு டிரான்சிஸ்டர் வாங்கியாந்தாரு. லைன் வீட்டு வாசல்ல வெச்சா, பக்கத்து வீட்டு சனமெல்லாம் வந்து உக்காந்துக்கும்.”

அவளுக்கு நான் விளக்கினேன். சிற்றலை வானத்தின் மேலடுக்கில் மோதித் திரும்பும். இரவில் மத்திய அலையும் அப்படித்தான். மலையைத் தாண்டிக் கொழும்பிலிருந்து இங்கே விழுவதற்கு அதுவே காரணம். இன்று நம் கையிலிருக்கும் போனுக்கு அருகிலேயே ஒரு கோபுரம் வேண்டியிருக்கிறது.

மேலே ஏற ஏற ஒலியைக் குறைத்துக்கொண்டே வந்தேன். கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் பஸ்ஸின் ஹார்ன் கேட்டாக வேண்டும். ஏறும் வண்டிக்குத்தான் வழி என்பது விதியானாலும், காதை மூடிக்கொண்டு அதை நம்ப முடியாது. கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாட்டை அலறவிட்டபடி ஒரு வேன் எங்களைக் கடந்தது. இருபுறமும் ஆனைமலைக் காடு, யானை நடமாடும் இடம். இப்படிப் போகிறவர்களை வனத்துறை கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். பாட்டு வண்டிக்குள் இருக்கிறவர்களுக்கு மட்டும் கேட்டால் போதும்.

கவர்க்கல் பக்கம் பனிமூட்டம். அய்யர்பாடி, ரொட்டிக்கடை என்று ஒவ்வொரு பெயர்ப்பலகைக்கும் அம்மா ஒரு ஆளை நினைவு கூர்ந்தார். வால்பாறை பஜாரில் டீ குடிக்க உட்கார்ந்தபோது மகள் என் போனைக் கேட்டு வாங்கினாள். பக்கத்தில் இருக்கும் போனுக்கு இணையமில்லாமலே கோப்புகளை அனுப்பலாம். அம்மா படப்பெயரைச் சொல்லச் சொல்ல, அவள் தேடித் தேடித் தன் போனுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

“கர்ணன் எடுத்துக்கிட்டியா?”

“எடுத்துட்டேன் அப்பாயி. அப்பா, இதுல அன்னக்கிளி ரெண்டு தடவ இருக்கு, ஒண்ண அழிச்சிரட்டுமா?”

ஒன்று கேசட்டிலிருந்து எடுத்தது, மற்றொன்று குறுந்தகட்டிலிருந்து. இரண்டும் இருக்கட்டும் என்றேன்.