பனங்கை வாடை

கடையத்தில் சாரல் பிடித்துவிட்டால் அந்த வீட்டு அடுப்படியில் அம்மாவின் முகம் தெரியாது. புகைதான் தெரியும்.

மேற்கே மலையிலிருந்து வரும் காற்று ஓட்டு முகட்டைத் தாண்டி, கிழக்குப் பக்கத்து அடுப்படியின் மேல் வந்து விழும். சுவரைத் துளைத்து வெளியே விட்டிருந்த பழைய சிமென்ட் குழாய் முகட்டைவிடத் தாழ்வு. போன புகை அப்படியே திரும்பி வரும். நனைந்த தென்னை மட்டையும் புளிய விறகும் வேறு. எழுபதைத் தாண்டிய அம்மாவுக்கு இருமல் நின்றபாடில்லை. புகையை விட்டுத் தள்ளி இருக்கச் சொல்லியிருந்தார் டாக்டர்.

காஸ் இல்லாமல் இல்லை. காபி, தோசை எல்லாம் அதில்தான். சோறும் வெந்நீரும் மட்டும் விறகில். "தோட்டத்துல மட்டை மக்கிப் போவுது. நான் சிலிண்டர்ல வெந்நி வைக்கணுமாக்கும்?" என்பார்.

கனடாவில் வேலை பார்க்கும் மகன் லீவில் வந்தபோது முதலில் செய்தது அவசர வேலை. தென்காசியில் ஆறு அங்குலத் தகரக் குழாய் வாங்கி, ஓட்டைப் பிரித்து, முகட்டுக்கு மேலே ஏற்றிவிட்டான். அடுப்படியில் புகை நின்றது.

மூன்றாம் நாள் அம்மா சொன்னார்: "ஏல, பனங்கை வாடை அடிக்கி."

மகன் சிரித்தான். ஏணி போட்டு ஏறிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. குழாய்க்கு நாலு விரல் தள்ளி இருந்த பனங்கை, குழாயைப் பார்த்த பக்கம் மட்டும் கருப்பட்டி நிறத்துக்கு மாறியிருந்தது.

மரம் ஒரே நாளில் பற்றிவிடாது. தினமும் சுட்டுச் சுட்டு, ஈரம் போய், கரியாகிக்கொண்டே வரும். பிறகு முன்பு பற்றாத சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். அமெரிக்கா, கனடாவில் ஒற்றைத் தகரக் குழாய்க்கும் மரத்துக்கும் 18 அங்குல இடைவெளி கேட்பது இதனால்தான். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய், நடுவே காற்று என்று சோதித்துச் சான்று பெற்ற இரட்டைக் குழாய்க்குப் பெரும்பாலும் 6 அங்குலம் போதும். கூரையைத் தாண்டும் இடத்தில் அதுவும் போதாது. நடுவில் தீப்பிடிக்காத பஞ்சு அடைத்த குழாய்தான் போடுவார்கள்.

இரட்டைக் குழாய்க்கு இன்னொரு குணம் உண்டு. ஃபிளாஸ்க் காபியைப்போல, புகையைச் சூடு ஆறாமல் மேலே அனுப்பும். சூடான புகைதான் விறுவிறுவென்று ஏறும். வழியில் ஆறினால் சோம்பி நின்று, உட்சுவரில் தாராகப் படியும். என்றாவது ஒருநாள் அந்தத் தாரே தீப்பிடிக்கும்.

நமக்கும் இது புதிய கவலை இல்லை. ஐதராபாத் பொறியாளர் எஸ்.பி.ராஜு புகையில்லாச் சமையலறை பற்றி எழுதிய புத்தகம் 1953-லேயே சென்னையில் அச்சானது. 1980-களில் மத்திய அரசு ஊர் ஊராகப் புகையில்லா அடுப்பு கட்டிக்கொடுத்தது. பல வீடுகளில் குழாய் அடைத்துக்கொண்டதும் அடுப்பையே விட்டுவிட்டார்கள். அடுப்பைக் கட்டிக்கொடுத்த அக்கறையில் பாதியைக் குழாயைச் சுத்தம் செய்யச் சொல்லிக்கொடுப்பதில் காட்டியிருக்கலாம்.

மகன் மறுபடி தென்காசிக்குப் போனான். உள்ளே 6 அங்குலம், வெளியே 8 அங்குலம், இரண்டும் எவர்சில்வர். பட்டறைக்காரர் இரண்டு முனையையும் சேர்த்துப் பற்றவைக்கப் போனார். தடுத்துவிட்டான். பத்தடி உள்குழாய் 300 டிகிரி சூடு கூடினால் அரை அங்குலத்துக்கு மேல் நீளும். நீள இடம் வேண்டும். மேல் முனையைச் சும்மா விட்டு, மழை இறங்காமல் தொப்பி போட்டார்கள். ஓட்டைத் தாண்டும் இடத்தில் மட்டும் நடுவே ராக் ஊல் பஞ்சு.

பட்டறைக் குழாய்க்குச் சான்று ஏது? அதனால் 6 அங்குலக் கணக்கை அவன் நம்பவில்லை. ஆசாரியை வைத்துக் கருகிய கையை வெட்டி, குறுக்குச் சட்டம் கொடுத்து, நாலு பக்கமும் 18 அங்குலம் விட்டு, இடைவெளியைத் தகரத்தால் மூடினார்கள்.

குழாய்களை ஒன்றோடொன்று மாட்டும்போதுதான் சண்டை வந்தது. "புகை மேலதான போவுது? கீழ்க்குழாயை மேல்குழாய்க்குள்ள விட்டாத்தான் கசியாது" என்றார் பட்டறைக்காரர். மகனுக்கும் அது சரியாகவே பட்டது.

அம்மா திண்ணையிலிருந்து கேட்டார்: "மழைத்தண்ணிக் குழாயை எப்படி மாட்டுவீய?"

"மேல்குழாயைக் கீழ்க்குழாய்க்குள்ள விடுவோம், ஆச்சி."

"தாரும் ஒழுகத்தான செய்யும்? அந்தச் சுவத்தைப் பாருங்க."

பழைய சிமென்ட் குழாயின் இணைப்பிலிருந்து தரைவரை கறுப்புக் கோடு. அம்மா வருஷக்கணக்காகச் சுண்ணாம்பு அடித்து அடித்து மறைத்த கோடு.

அவர் சொன்னதுதான் முறை. குழாய் நன்றாக இழுக்கும்போது இடுக்கு வழியே காற்று உள்ளே போகும். புகை வெளியே வராது. ஒழுகும் தார்தான் வெளியே வரும். மேல்குழாய் உள்ளே இருந்தால் அது அடுப்புக்கே திரும்பிப் போய்விடும்.

மகன் ஊருக்குப் போய்விட்டான். மாதம் ஒருமுறை, அடுப்பு ஆறிய பிறகு, அம்மா அடிமூடியைக் கழற்றச் சொல்லி நீளக் கம்பித் துடைப்பத்தால் குழாயைத் தேய்க்க வைக்கிறார். இருமல் இருக்கிறது, கொஞ்சம் குறைவாக. டாக்டர் சொன்னதற்கு முழுப் பதில் காஸ்தான். அது அம்மாவுக்கும் தெரியும். குழாய் புகையை வீட்டைவிட்டுத்தான் அனுப்புகிறது, தெருவைவிட்டு அல்ல. பக்கத்து வீட்டு மைனி காயப்போட்ட துணியில் கரி வாடை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆடிச் சாரலில் ஒருநாள் வீடியோ காலில் மகன் கேட்டான்: "எம்மா, அடுப்பு எரியுதா? அந்தப் பனங்கையைத் தொட்டுப் பாருங்க."

அம்மா முக்காலியில் ஏறப் போனார்.

"ஐயோ, நீங்க ஏறாதீங்க!"

"பின்ன யாருல ஏறுவா?" ஏறிவிட்டார். போன் ஆடியது. ஓடும் உத்தரமும் மாறி மாறித் தெரிந்தன. கை பனங்கையின் மேல் இருந்தது.

"குளுகுளுன்னு இருக்கு" என்றார்.