அத்திவரதரும் ஐஸ் ஹாக்கியும்

காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைக்குள் நுழையும் முன், வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்தை எட்டிப் பாருங்கள். தண்ணீருக்குள் அத்திவரதர்! 40 வருஷத்துக்கு ஒரு தரம்தான் வெளியே வருவார். 2019-ல் 48 நாள் தரிசனம் தந்தபோது ஊரே திணறிப்போச்சு.

ஐஸ் ஹாக்கிப் பைத்தியமான எனக்கு, இந்தப் படியில் நின்றால் நம்ம தமிழர்கள் ஏராளமாக வாழும் டொரான்டோ ஞாபகம் வரும். அந்த ஊர் மேப்பிள் லீஃப்ஸ் டீம் ஸ்டான்லி கோப்பையைக் கடைசியாக ஜெயித்தது 1967-ல்!

அது லேசில் கிடைக்காது சார். லீக் முடிந்து 16 டீம் மோதும். நாலு ரவுண்ட், ஒவ்வொன்றிலும் ஏழு ஆட்டத்தில் நாலு ஜெயிக்கணும். அதுவரை பல ஆட்டக்காரர்கள் ஷேவ் பண்ணுவதில்லை. சாட்சாத் நம்மூர் வேண்டுதல் தாடி! பல் உடைய மோதினாலும், ரவுண்ட் முடிந்ததும் இரண்டு டீமும் வரிசையில் நின்று கைகுலுக்கும்.

நியூயார்க் ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் 1940-க்குப் பிறகு 1994 வரை காத்திருந்தார்கள். 54 வருஷம்! நம்ம வரதரே தேவலை.

காஞ்சிக்காரர் 2059-க்கு இப்பவே லீவு லெட்டர் எழுதி வைக்கலாம். டொரான்டோக்காரருக்கு அந்த வசதி கிடையாது; தேதி தெரியாதே! ஆனாலும் மனுஷன் வருஷா வருஷம் பிள்ளைக்கும் நீலச் சட்டை மாட்டி, மேட்ச் பார்க்க உட்கார்ந்துவிடுகிறார்.