கம்பிக்கு மேலே காய்க்கும் ஊர்

வடசென்னையின் சாத்தாங்காட்டில் பச்சை என்று எதையாவது காட்டச் சொன்னால் பக்கிங்காம் கால்வாயில் மண்டிய ஆகாயத்தாமரையைத்தான் காட்ட வேண்டும். ஜார்ஜ் டவுன் சந்துகளில் லாரி திரும்ப இடமில்லாமல் போனதால், சிஎம்டிஏ இரும்பு வணிகத்தை நகர்த்தி வந்து அமர்த்திய இடம் எங்கள் இரும்பு எஃகு அங்காடி. ஒரு பக்கம் மணலி சுத்திகரிப்பு ஆலையின் தீக்கொழுந்து, இன்னொரு பக்கம் திருவொற்றியூர்க் கடற்காற்று. அங்கே ஒரு கடையில் கணக்கெழுதிய நான் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்ததும் இரும்பின் தயவால்தான்.

திராட்சைப் பந்தலுக்குக் கல்லுக்கால் நட்டால் மட்டும் போதாது. மேலே குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்ட ஜிஐ கம்பி வேண்டும். தேனிப் பக்கத்துக் கம்பத்துக்குச் சரக்கு ஏறும்போது பாக்கி வசூலிக்க என்னையும் முதலாளி லாரியில் ஏற்றிவிடுவார். தொண்ணூறுகளின் கடைசி அது. 1996இல் மதுரையிலிருந்து பிரிந்த தேனி, மாவட்டமாகப் பழகிக்கொண்டிருந்தது.

உத்தமபாளையம் நெருங்கும்போது காற்றே மாறிவிடும். வலப்பக்கம் இடுக்கியின் ஏலமலை, இடப்பக்கம் மேகமலை, நடுவே நெல்லும் வாழையும் தென்னையும். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி என்று போகப்போகத் தலைக்குமேல் பந்தல்தான். நிமிர்ந்து நடந்தால் குலை நெற்றியில் முட்டும். “கம்பி துருப்பிடிக்காதுல்ல தம்பி? கொடி இருபது வருஷம் நிக்கணும்” என்று ஒரு பெரியவர் என்னிடம் உத்தரவாதம் கேட்டார். கடற்காற்றில் எங்கள் அங்காடிச் சரக்கு படும் பாடு எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வறண்ட காற்றை நம்பித் தலையாட்டினேன்.

குளிர்நாட்டுக் கொடி பனிக்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும். ஆண்டுக்கு ஒரே அறுப்பு. கம்பத்தில் குளிர் கிடையாது. அதனால் கவாத்துக் கத்தியே கொடியை எழுப்புகிறது. வெட்டிய நாளிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம். ஒரு தோட்டத்தில் கவாத்து, அடுத்ததில் பூ, அதற்கடுத்ததில் அறுப்பு என்று பள்ளத்தாக்கில் ஆண்டு முழுக்கப் பழம் இருக்கும். ஆனால் அங்கே விளையும் பன்னீர் திராட்சைக்குத் தோல் மெல்லியது. அறுக்கும் நேரத்தில் ஒரு மழை பெய்தால் பழம் வெடித்துவிடும். அப்படியொரு மழைக்குப் பிறகு பாக்கி கேட்கப் போய், வாய்திறக்காமல் திரும்பி வந்திருக்கிறேன்.

பள்ளத்தாக்கில் பாயும் தண்ணீர் பெரியாற்றினுடையது. 1895இல் பொறியாளர் பென்னிகுயிக் கட்டி முடித்த அணை, மேற்கே ஓடிய ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது. டீக்கடைச் சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் அந்த வெள்ளைக்காரர் படமும் மாலையோடு தொங்கும். வடசென்னையில் எந்தப் பொறியாளருக்கும் இந்த மரியாதை கிடைத்ததாக எனக்கு நினைவில்லை.

விடியுமுன் ஜீப்புகள் உறுமும். தூக்குவாளியோடு பெண்கள் நெருக்கியடித்து ஏறி, குமுளி வழியாக ஏலத்தோட்ட வேலைக்குப் போவார்கள். மலையேறாதவர்களுக்குப் பந்தலடியில் வேலை: அண்ணாந்தபடியே கிள்ளுவது, கட்டுவது, அறுப்பது. மாலையில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும், சந்தையில் தமிழும், கேரள வியாபாரியிடம் மலையாளமும் புழங்கும்.

பன்னீர் திராட்சைக் கொடியை 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். மஸ்கட் ஹாம்பர்க் என்ற இதே வகை, ஒயினுக்குப் பெயர்போன தென்கிழக்குப் பிரான்சில், வாந்தூ மலையடிவாரத்திலும் விளைகிறது. சுமார் 1,900 மீட்டர் உயர மலை, அடிவாரத்தில் சிறு கிராமங்கள், குடும்பம் குடும்பமாகத் திராட்சை விவசாயம். சுற்றிலும் ஒயின் திராட்சை விளைய, இதை மட்டும் சாப்பிடும் பழமாகவே விற்கிறார்கள். 1997இல் அதற்கு ஊர்ப்பெயரோடு சட்டக் காப்பு கிடைத்தது. வேறு ஊர்ப் பழத்தை அந்தப் பெயரில் விற்க முடியாது.

கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு 2023இல்தான் வந்தது. தாமதம் என்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, அந்தப் பெயர் இன்னும் எங்கள் பக்கத்துத் தள்ளுவண்டிக்கு வந்து சேராதது. வண்டியில் ‘பன்னீர்’ என்ற அட்டை இருக்கும், ‘கம்பம்’ இருக்காது. பெயருக்கு வாங்குபவன் மதிப்புக் கொடுக்காதவரை குறியீடு சான்றிதழாகக் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும். விவசாயிக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் கிடைக்காது. திருவொற்றியூர் தேரடியிலோ மணலியிலோ கறுத்த, விதையுள்ள அந்தப் பழத்தைப் பார்த்தால், “கம்பத்துப் பழமா?” என்று கேட்டு வாங்குங்கள்.