டி.சி.யும் எட்டாயிரம் ரூபாயும்

இது கொஞ்சம் சொந்தக் கதை. நடுவுல சட்டமும் வரும். கொட்டாவி வந்தாலும் கடைசி வரைக்கும் படிச்சிருங்க மக்களே.

2011 ஜனவரி 28. திருப்பூர்க்காரங்க மறக்க முடியாத நாள். நொய்யல்ல சாயத் தண்ணி கலக்குறது நிக்கலைன்னு, சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. 700க்கும் மேல பட்டறைங்க நின்னு போச்சு. ஆறு செத்துட்டிருந்தது நெஜம், அதனால உத்தரவைத் தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வராது. ஆனா அதுல ஒரு பட்டறையிலதான் எங்கப்பா வேலை பாத்தார்.

நான் அப்போ ஏழாவது, ஒரு தனியார் பள்ளியில. ஃபீஸ் பாக்கி எட்டாயிரம். ஜூன்ல கவர்மெண்ட் ஸ்கூல்ல சேத்துடலாம்னு அப்பா டி.சி. கேட்கப் போனார். நானும் கூடப் போனேன்.

"பாக்கியைக் கட்டிட்டு வாங்கிக்கோங்க."

"ஏனுங் சார், பட்டறை தொறந்ததும் கட்டிப்போடறனுங்க. பையன் படிப்பு கெட்டுப் போயிருமுங்க."

கையைக் கட்டிட்டு நின்னார். வேலைக்குப் போற காலத்துல அவர் நகக்கண்ணெல்லாம் எப்பவும் கருநீலமா இருக்கும். அன்னைக்கு அஞ்சு மாசமா வேலை இல்லாததால கை சுத்தமா இருந்துச்சு. அதுதான் இன்னும் கண்ணுல நிக்குது.

கவர்மெண்ட் ஸ்கூல்ல போய்க் கேட்டா, ஆபீஸ்ல இருந்தவர் "டி.சி. இல்லாம எப்படிங்க சேக்கறது"ன்னுட்டார். சும்மா எதுக்கு வீட்ல இருக்கணும்னு பக்கத்து பனியன் கம்பெனிக்கு கைமடிக்கப் போனேன். பிசிறு வெட்டுறது, பீஸ் அடுக்கறது. வயசு பதிமூணு. சனிக்கிழமை சம்பளம். உண்மையைச் சொல்லிடறேன், எனக்கு அது புடிச்சுப் போச்சு. கையில காசு, டீ டைம்ல பன்னு, ஹோம்வொர்க் கெடையாது. இன்னும் ரெண்டு மாசம் போயிருந்தா நான் திரும்ப ஸ்கூலுக்குப் போயிருப்பேனான்னு தெரியல. கூட வேலை பாத்த பசங்கள்ல ரெண்டு பேர் போகவே இல்ல.

ஆகஸ்ட்ல அம்மா காதுத் தோட்டை அடகு வெச்சு பாக்கியைக் கட்டினாங்க. டி.சி. வந்துச்சு. எட்டாவதுல போய் உக்காந்தா, எவன் கையிலயும் புத்தகம் இல்ல! சமச்சீர் கல்வி வழக்குல உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததே அந்த வருஷம் ஆகஸ்ட் 9ஆம் தேதிதான். அந்த வகையில நான் பெருசா எதையும் மிஸ் பண்ணல, ஹிஹி.

இப்போ சட்டத்துக்கு வருவோம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009ல நிறைவேறி, 2010 ஏப்ரல் 1ல இருந்து அமலுக்கு வந்துச்சு. அதுல 5வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, எட்டாவது வரைக்கும் படிக்கிற பிள்ளை வேற ஸ்கூலுக்கு மாறணும்னா டி.சி.யை உடனே குடுக்கணும். டி.சி. வர லேட்டாகுதுங்கிறதைக் காரணமா சொல்லி புது ஸ்கூல் சேர்க்கையைத் தள்ளிப் போடக் கூடாது, மறுக்கவும் கூடாது. அதாவது அப்பா கையைக் கட்டி நின்னதுக்கு ஒரு வருஷத்துக்கு முன்னாடியே இது சட்டம். அப்பாவுக்கும் தெரியல, ஆபீஸ்ல இருந்தவருக்கும் தெரியல.

எனக்கே 2024 ஜூலையிலதான் தெரிஞ்சுது. நீதிபதிகள் எஸ்.எம். சுப்ரமணியம், சி. குமரப்பன் அமர்வு சென்னை உயர்நீதிமன்றத்துல ஒரு தீர்ப்பு குடுத்தாங்க. டி.சி.ங்கிறது ஃபீஸ் வசூல் பண்ற கருவி இல்ல, அதுல பாக்கின்னு குறிப்பு எழுதக் கூடாது, பாக்கி இருந்தா சட்டப்படி வேற வழியில வசூல் பண்ணிக்கட்டும்னு. இதுல பள்ளிக்கூடத்துப் பக்கமும் நியாயம் இருக்கு. நாங்க குடுக்க வேண்டிய காசுதான் அது, வாத்தியாருங்களுக்கு அதுலதான் சம்பளம். கடனைத் தள்ளுபடி பண்ணச் சொல்லி யாரும் கேக்கல. ஆனா கடன் அப்பாவோடது, அடகு வெச்சது என்னை. அதுதான் தப்பு.

போன ஜூன்ல ஊருக்குப் போயிருந்தேன். எங்க லைன் வீட்டுல கடைசி வீடு ஒடிசாக்காரங்க. அவர் டெய்லர், அவங்க செக்கிங். ஒன்பது வயசுப் பையன் தங்கச்சிப் பாப்பாவைத் தூக்கி வெச்சுட்டு வாசல்ல நின்னான். ஏன் ஸ்கூல் போகலைன்னு கேட்டா, "டி.சி. ஊர்ல அண்ணா, பர்த் சர்டிபிகேட்டும் இல்ல"ன்னார் அவங்கப்பா. எனக்கு சுருக்குன்னுச்சு. வயசுச் சான்று இல்லைன்னும் சேர்க்க மறுக்கக் கூடாது, அது 14வது பிரிவு. வயசுக்கேத்த வகுப்புல சேர்த்து, பின்தங்கியிருந்தா தனிப் பயிற்சி குடுக்கணும், இது 4வது பிரிவு.

அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்துட்டு, சண்டை போடற மூஞ்சியோட ஸ்கூலுக்குப் போனேன். ஹெச்.எம். டீச்சர் பேப்பரைப் பாக்கவே இல்ல. "டி.சி. வர்றப்போ வரட்டுமுங்க, பையனை நாளைக்கே அனுப்புங்க"ன்னுட்டாங்க. நான் பேசறதுக்குத் தயார் பண்ணி வெச்சிருந்த வசனமெல்லாம் வேஸ்ட். அவ்வ்வ்.

சாயங்காலம் அப்பாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். 2010லயே சட்டம் இருந்துச்சுப்பான்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னார்: "அப்பவே தெரிஞ்சிருந்தா உங்கம்மா தோடாவது மிஞ்சியிருக்கும், கண்ணு."

தோட்டை நாங்க மீட்கவே இல்ல.