பத்து நாள், இரண்டு தீவு: கிரேக்கத் தேனிலவுக்கு அவசரம் ஆகாது!

வெள்ளைச் சுவர், நீலக் கவிமாடம், கீழே கடல். தேனிலவுக்கு இடம் தேடும் ஜோடிகளின் செல்போனில் இந்தப் படம் வராமல் இருக்காது. கிரீஸ் நாட்டின் சான்டோரினி தீவு அது. பார்த்ததுமே ஆசை வந்துவிடும். திட்டம் போடும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. 'அவ்வளவு தூரம் போகிறோம், மைகோனோஸ், பாரோஸ், மிலோஸ், கிரீட் எல்லாவற்றையும் பார்த்துவிடலாமே' என்று ஒரே வாரத்துக்குள் ஐந்து தீவுகளைத் திணித்துவிடுகிறார்கள். கடைசியில் தேனிலவில் பாதி நேரம் பெட்டியோடு துறைமுகத்தில் நிற்பதிலேயே போய்விடுகிறது.

கிரீஸுக்குச் சொந்தமான தீவுகளும் திட்டுகளும் சுமார் 6,000. அவற்றில் மக்கள் வசிப்பவை 227. எப்படி ஓடினாலும் அத்தனையையும் பார்த்து முடிக்கப் போவதில்லை. கையில் பத்து நாள் இருக்கும் புதுமண ஜோடிக்கு இரண்டே தீவு போதும். முதல் இரவு ஏதென்ஸ், பிறகு நக்ஸோஸில் நான்கு இரவு, சான்டோரினியில் மூன்று இரவு, ஊர் திரும்பும் முன் மறுபடி ஏதென்ஸில் ஓர் இரவு. இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது.

காற்று அனுமதித்தால்தான் கப்பல்

நக்ஸோஸ், சான்டோரினி இரண்டுமே ஏஜியன் கடலில் உள்ள சைக்ளேட்ஸ் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்தவை. 'சைக்ளேட்ஸ்' என்ற பெயர் வட்டத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. டீலோஸ் என்ற சின்னஞ்சிறு புனிதத் தீவைச் சுற்றி மற்ற தீவுகள் வளையமாக நிற்பதால் இந்தப் பெயர்.

ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து மெட்ரோ ரயிலில் ஏறினால் பிரேயஸ் துறைமுகத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். அங்கிருந்து பெரிய ஃபெர்ரி கப்பலில் நக்ஸோஸுக்கு ஐந்து மணி நேரத்துக்கும் மேல் ஆகும். நேராகச் சான்டோரினி போவதென்றால் சுமார் எட்டு மணி நேரம். அதிவேகக் கப்பல்களும் உண்டு. ஆனால், அவற்றில் பெரும்பாலும் கண்ணாடிக்குள் அடைந்து உட்கார வேண்டும், அலை எழுந்தால் வயிற்றைப் புரட்டும். பெரிய கப்பலின் திறந்த மேல்தளத்தில் ஒரு காபியோடு அமர்ந்து, தீவுகள் ஒவ்வொன்றாக எழுந்து மறைவதைப் பார்ப்பதே ஒரு தனி அனுபவம். பணமும் மிச்சம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. வழியில் உள்ள தீவுகளில் கப்பல் சில நிமிடங்கள்தான் நிற்கும். இறங்க வேண்டிய தீவு வருவதற்கு முன்பே கீழ்த்தளத்துக்குப் போய், கார்களுக்கும் லாரிகளுக்கும் நடுவே பெட்டியோடு தயாராக நிற்க வேண்டும். புதுப் புடவையும் பெரிய சூட்கேஸும் அங்கே பகை. முதுகில் மாட்டும் பை நண்பன்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வடக்கிலிருந்து 'மெல்தெமி' என்ற வறண்ட காற்று வீசும். வானம் பளிச்சென்று இருக்கும், மழை இருக்காது. ஆனாலும், கடல் கொந்தளிக்கும். காற்று எல்லை மீறினால் துறைமுக அதிகாரிகள் கப்பல் புறப்படவே தடை போட்டுவிடுவார்கள். தடை எப்போது விலகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் கடைசி இரவை ஏதென்ஸில் வைத்துக்கொள்ள வேண்டும். காலையில் தீவிலிருந்து கப்பல் ஏறி, மாலையில் ஊருக்கு விமானம் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டவர்கள் டிக்கெட்டைப் பறிகொடுக்க நேரலாம்.

நக்ஸோஸ்: முடியாமல் நின்றவற்றின் அழகு

சைக்ளேட்ஸ் தீவுகளிலேயே பெரியது நக்ஸோஸ். கப்பல் துறைமுகத்தை நெருங்கும்போதே ஒரு பிரமாண்டமான பளிங்கு வாசல் கண்ணில் படும். 'போர்ட்டாரா' என்று பெயர். கி.மு. 530 வாக்கில் கட்டத் தொடங்கிய கோயிலின் வாசல் அது. கோயில் முடியவே இல்லை. சுவர் இல்லை, கூரை இல்லை, 2,500 ஆண்டுகளாக வாசல் மட்டும் கடலைப் பார்த்து நிற்கிறது. மாலையில் ஊர்க்காரர்களும் பயணிகளும் சின்னப் பாலம் போன்ற கரைவழியாக அங்கே நடந்து போகிறார்கள். வாசல் சட்டத்துக்குள் சூரியன் இறங்கும். பார்க்கக் கட்டணம் கிடையாது.

புதுமணத் தம்பதிக்குப் பொருத்தமான ஒரு கதையும் இந்தத் தீவுக்கு உண்டு. கிரீட் தீவு இளவரசி அரியாட்னி. தன் காதலன் தீஸியஸ் சிக்கலான சுரங்கப் பாதைக்குள் போய் அரக்கனைக் கொன்று, வழி தவறாமல் வெளியே வர நூல்கண்டு கொடுத்து உதவியவள். அவனை நம்பிக் கப்பலேறி வந்தவளை, நக்ஸோஸ் கரையில் தூங்கிக்கொண்டிருந்தபோது விட்டுவிட்டுப் போய்விட்டான் அவன். அழுதுகொண்டிருந்த அரியாட்னியைக் கண்டு மணந்துகொண்டான் திராட்சை ரசத்தின் கடவுளான டயோனிசஸ். அவளுடைய திருமண மகுடத்தை வானத்தில் எறிந்தான், அது நட்சத்திரங்களாகிவிட்டது என்கிறது புராணம். கோடை இரவில் நக்ஸோஸ் கடற்கரையில் அண்ணாந்து பார்த்தால், அரைவட்டமாக நிற்கும் அந்த 'கரோனா போரியாலிஸ்' நட்சத்திரக் கூட்டத்தைக் காணலாம்.

பகல் பொழுதுக்குக் கடற்கரைகள் இருக்கின்றன. ஊரிலிருந்து நடந்தே போகக்கூடிய அயியோஸ் யோர்கியோஸ் கடற்கரையில் தண்ணீர் ஆழமில்லை. நீச்சல் தெரியாத ஜோடிகளுக்கும் பயமில்லை. இன்னும் தெற்கே போனால் அயியோஸ் ப்ரோகோபியோஸ், பிளாகா என்று மணல் நீண்டுகொண்டே போகும்.

ஒரு நாளை மலைக்கு ஒதுக்கலாம். பஸ் பிடித்து அபெய்ரான்தோஸ் போனால், தெருவெல்லாம் பளிங்குக் கல் பாவிய கிராமம். வீட்டு வாசலில் பாட்டிகள் கதை பேசிக்கொண்டிருப்பார்கள். தீவின் வடகோடியில் அப்போலோனாஸ் என்ற ஊருக்கு மேலே, பழைய பளிங்குக் குவாரியில் 10 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள ஒரு சிலை படுத்துக் கிடக்கிறது. பாதி செதுக்கிய நிலையிலேயே கைவிட்டுவிட்டார்கள். முகம் இருக்கிறது, தாடி இருக்கிறது, கண் திறக்கவில்லை.

சீசனில் நக்ஸோஸிலிருந்து டீலோஸுக்குப் பகல்நேரப் படகுகள் போய் வருகின்றன. அப்போலோவும் ஆர்ட்டெமிஸும் பிறந்ததாக நம்பப்படும் இடம். பழங்காலத்தில் இந்தப் புனித மண்ணில் இனி யாரும் பிறக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது என்று தடை போட்டிருந்தார்கள். இன்றும் சுற்றுலாப் பயணிகள் அங்கே இரவு தங்க முடியாது.

சான்டோரினி: எரிமலை விளிம்பில் வீடு

நக்ஸோஸிலிருந்து சுமார் இரண்டு மணி நேரக் கப்பல் பயணத்தில் காட்சி தலைகீழாக மாறுகிறது. மணல் கரைக்குப் பதிலாக, கடலிலிருந்து செங்குத்தாக எழும் கறுப்பும் சிவப்புமான பாறைச் சுவர். உச்சியில் பனி பெய்தது போல வெள்ளை. அது பனி அல்ல, வீடுகள்.

சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் இங்கே ஓர் எரிமலை வெடித்தது. தீவின் நடுப்பகுதி உள்வாங்கி, கடல் உள்ளே புகுந்தது. கப்பல் மிதந்து வரும் அந்த நீர்ப்பரப்பு எரிமலையின் பெருவாய்தான். விளிம்பில் எஞ்சிய பிறையில்தான் மக்கள் வாழ்கிறார்கள்.

ஃபிரா, இமெரோவிக்லி, ஓயா ஆகிய ஊர்கள் இந்த விளிம்பில் வரிசையாக இருக்கின்றன. 'ஓயா' என்று நாம் படிக்கும் ஊரை அங்கே 'ஈயா' என்றுதான் சொல்வார்கள். பாறையின் மேலே, சமதளத்தில் கப்பல் தலைவர்களின் பெரிய வீடுகள். வசதியில்லாத மாலுமிகள் எரிமலைச் சாம்பல் இறுகிய சரிவைக் குடைந்து குகை வீடு அமைத்துக்கொண்டார்கள். கோடையில் குளுமை, குளிரில் கதகதப்பு. இன்று நிலைமை நேர்மாறு. ஏழைகளின் அந்தக் குகைகள்தான் தீவிலேயே விலை உயர்ந்த தேனிலவு அறைகள்! சுண்ணாம்பு வெயிலைத் திருப்பி அனுப்பும், கிருமியையும் கொல்லும். அதனால் வந்தது வெள்ளை. நீலத்துக்குச் சுண்ணாம்போடு அவர்கள் கலந்தது 'லுலாகி' என்ற பொடி. வேறொன்றுமில்லை, வெள்ளைத் துணிக்குப் போடும் அதே நீலம்தான்.

அழகுக்குப் பின்னால் வலியும் இருக்கிறது. 1956 ஜூலை 9 அன்று அமோர்கோஸ் அருகே ஏற்பட்ட நிலநடுக்கத்தில் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சான்டோரினியில் ஏராளமான வீடுகள் இடிந்தன. பலர் தீவை விட்டே போய்விட்டார்கள். 2025 பிப்ரவரியில் மண் மறுபடி ஓயாமல் அதிர்ந்தபோது, 11,000 பேருக்கு மேல் வெளியேறினார்கள். பள்ளிகள் மூடப்பட்டன. அதிர்வு அடங்கியதும் திரும்பி வந்து கடைகளைத் திறந்தார்கள்.

அவர்களுக்கு இன்னொரு பாரம், வருகிறவர்களின் எண்ணிக்கை. சுமார் 15,000 பேர் வசிக்கும் தீவுக்கு 2023-ல் வந்தவர்கள் ஏறக்குறைய 34 லட்சம். ஆறு கிடையாது, ஊற்று அரிது. முன்பு மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் காலம் தள்ளிய ஊர், இப்போது கடல் நீரைக் குடிநீராக்கிச் சமாளிக்கிறது. குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரை மிச்சம் பிடிப்பது அங்கே விருந்தாளி செய்யும் மரியாதை.

ஓயாவின் சூரிய அஸ்தமனத்துக்காகப் பழைய கோட்டை இடிபாட்டில் பல மணி நேரம் முன்பே கூட்டம் இடம் பிடித்துவிடும். தூக்கிப் பிடித்த செல்போன்களுக்கு நடுவே சூரியனைத் தேட வேண்டியிருக்கும். மணமக்கள் முகம் பார்த்துப் பேசக்கூட இடமிருக்காது. அதே சூரியன் இமெரோவிக்லியிலும், உள்ளே தள்ளியிருக்கும் பிர்கோஸ் கிராமத்திலும், தென்கோடிக் கலங்கரை விளக்கத்தின் பக்கத்திலும் மறைகிறது. அதைவிட நல்லது, ஃபிராவிலிருந்து ஓயா வரை விளிம்பிலேயே செல்லும் சுமார் 10 கிலோமீட்டர் நடைபாதை. விடிந்ததும் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். மூன்று, நான்கு மணி நேரம் இரண்டு பேரும் கடலும் மட்டும்.

ஃபிராவின் பழைய துறைமுகத்துக்கு இறங்க ஏறக்குறைய 590 படிகள் உண்டு. படிகளில் கழுதைச் சவாரியும் இருக்கிறது. 100 கிலோவுக்கு மேல் அவற்றின் மீது ஏற்றக் கூடாது என்று 2018-ல் விதி வந்தது. பக்கத்திலேயே கேபிள் கார் இருக்கும்போது அந்த வாயில்லா ஜீவனை வெயிலில் வாட்ட வேண்டியதில்லை.

அறை வாடகை கையைக் கடித்தால், கிழக்குக் கரையில் கமாரி, பெரீசா ஊர்களில் தங்கலாம். கறுப்பு மணல் கடற்கரை வாசலில் இருக்கும். ஃபிராவுக்குப் பஸ் உண்டு. ஒரே ஓர் இரவு மட்டும் குகை அறை எடுத்தால் ஆசையும் தீரும், பர்ஸும் பிழைக்கும்.

சைவத்துக்கும் பஞ்சமில்லை

'நிஸ்தீசிமோ' என்ற சொல்லைத் தெரிந்துகொண்டால் சைவ உணவுக்காரர்கள் பிழைத்துக்கொள்ளலாம். கிரேக்கக் கிறிஸ்தவர்களின் விரத உணவைக் குறிக்கும் சொல் அது. இறைச்சி, முட்டை, பால் இருக்காது. ஆனால், விரதத்தில் இறால், கணவாய் போன்றவை அனுமதி. அதனால் அதையும் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும்.

சான்டோரினியின் 'ஃபாவா' மஞ்சள் பருப்புக் கடையல் போன்றது. மேலே வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும். அங்கே விளையும் சின்னத் தக்காளியில் செய்யும் 'தொமாடோகெஃப்தேதெஸ்' நம் பக்கோடாவுக்குத் தூரத்துச் சொந்தம். நக்ஸோஸ் உருளைக்கிழங்குக்கும் கிராவியெரா பாலாடைக்கட்டிக்கும் கிரீஸ் முழுக்கப் பெயர். தக்காளிக்குள் அரிசி அடைத்த 'யெமிஸ்தா', வேகவைத்த கீரையான 'ஹோர்தா' ஆகியவையும் கிடைக்கும்.

சான்டோரினித் திராட்சைத் தோட்டங்களையும் பார்க்கலாம். கொடியைப் பந்தலில் ஏற்றாமல், தரையிலேயே கூடை போலச் சுற்றி வளைக்கிறார்கள். கூடைக்குள் பழம் பலத்த காற்றுக்குத் தப்பும். இரவில் கடலிலிருந்து வரும் ஈரத்தை எரிமலை மண் உறிஞ்சிக் கொடுக்கும்.

கிளம்பும் முன்

* மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் தோதான மாதங்கள். செப்டம்பரில் கடல்நீர் இதமாக இருக்கும். குளிர்காலத்தில் பல விடுதிகள் மூடியிருக்கும், கப்பலும் குறைவு.
* இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா தேவை. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்.
* விடுதியில் அறை வாடகையோடு சேராத ஒரு வரி உண்டு. 2025 நிலவரப்படி சீசனில் இரண்டு நட்சத்திர விடுதி வரை ஓர் இரவுக்கு 2 யூரோ, ஐந்து நட்சத்திர விடுதிக்கு 15 யூரோ.
* வாடகைக்கு வண்டி எடுக்க, சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். வளைவுகள் அதிகமுள்ள மலைப் பாதைகள் என்பதால் நான்கு சக்கர பைக்கில் விளையாட்டு வேண்டாம்.

கடைசி நாள், ஒரு சுவர்

சான்டோரினியின் தெற்கே ஆக்ரோட்டிரி என்ற இடத்தில், எரிமலைச் சாம்பலுக்குள் புதைந்துபோன ஒரு நகரம் இருக்கிறது. 1967-ல் ஸ்பிரிடான் மரினாடோஸ் என்ற ஆய்வாளர் அங்கே அகழ்வாய்வைத் தொடங்கினார். மாடி வீடுகள், கழிவுநீர்க் குழாய்கள், வண்ணச் சுவரோவியங்கள் எல்லாம் வெளிவந்தன. மனித எலும்புக்கூடுகள் மட்டும் கிடைக்கவில்லை. முன்கூட்டியே வந்த அதிர்வுகளைப் புரிந்துகொண்டு மக்கள் கிளம்பிப் போயிருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள்.

அந்த நகரத்து வீடு ஒன்றின் சுவரோவியம், இப்போது ஏதென்ஸில் உள்ள தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விமானம் ஏறும் முன் அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். எரிமலைப் பாறைகள், அவற்றின் மேல் சிவப்பு அல்லிப் பூக்கள். பூக்களுக்கு மேலே அலகோடு அலகு நெருங்கிப் பறக்கும் ஒரு ஜோடித் தகைவிலான் குருவிகள். 3,600 ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர், தீவின் வசந்த காலத்தில் பொறுமையாக நின்று அந்தக் குருவிகளைப் பார்த்திருக்கிறார்.