அண்ணாந்து பார்க்கும் ஊர்

பிராக் நகரத்துக்கு இரண்டு நாள் சுற்றுலா போகிறவர்கள் தவறாமல் போய் நிற்கும் இடம், பழைய நகர மண்டபத்துக் கடிகாரம். 1410-ல் செய்தது. மணி நெருங்க நெருங்கக் கூட்டம் முண்டியடிக்கும். எலும்புக்கூடு பொம்மை மணியை ஆட்டும், சன்னல்களில் அப்போஸ்தலர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்ப்பார்கள், கடைசியில் ஒரு சேவல் கூவும். அவ்வளவுதான். காத்திருந்த நேரத்தை முதலீடாகக் கணக்குப் போட்டால் சுத்த நஷ்டம்!

அதே மண்டபத்தின் கிழக்குப் பக்கம், தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கிறார்கள். ஹாப்ஸ்பர்க் பேரரசரை எதிர்த்துக் கலகம் செய்த 27 பேருக்கு 1621 ஜூன் 21 அன்று இங்கேதான் மரண தண்டனை. அதில் ஒருவர் யான் யெசீனியஸ்... மருத்துவர், பல்கலைக்கழக ரெக்டர். அவர் நாக்கை அறுத்துவிட்டுத்தான் தலையை வெட்டினார்கள்.

பயணிகளைக் குறை சொல்லவும் முடியாது. சிலுவைகள் மணியடித்துக் கூப்பிடுவதில்லையே.

பன்னிரண்டு தலைகளைச் சார்லஸ் பாலத்தின் முகப்புக் கோபுரத்தில் பத்து வருடம் தொங்கவிட்டிருந்தார்கள். அங்கேயும் இப்போது கூட்டம்தான். டிக்கெட் வாங்கிக்கொண்டு படியேறுகிறார்கள், மேலேயிருந்து பாலத்தைப் படம் பிடிக்க. சதுக்கத்துச் சிலுவைகள் மேல் சூட்கேஸ் சக்கரங்கள் கடகடவென்று உருண்டு போகின்றன.